ஈரல் புற்றுநோய்ப் பரவல்: கட்டியை மட்டும் பார்த்தால் போதாது

வயிறு ஊதி, கால் வீங்கி, கண் மஞ்சளித்த பிறகுதான் மலையகத்தில் பலருக்கு ஈரலின் நினைவு வருகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் பெரிய வைத்தியசாலைக்கான துண்டு எழுதி வாங்கி டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போய், அங்கிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பப்பட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, கட்டி, குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயினாளத்துக்குள் இறங்கியிருக்கும். "போன மாசம் வரைக்கும் மலைக்குப் போய் வேலை செஞ்ச மனுசன், இவ்வளவு சீக்கிரமா எப்படிங்க டொக்டர் பரவிச்சு?" என்று வீட்டார் கேட்பார்கள். அது ஒரு மாதத்தில் பரவியதல்ல. அதற்கான ஆயத்தம் பல வருடங்களாக நடந்திருக்கிறது. கட்டிக்குள் மட்டுமல்ல, கட்டியைச் சுற்றியிருந்த, புற்றுநோயே இல்லாத ஈரலிலும் நடந்திருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் ஜீன் வெளிப்பாட்டை அளந்த ஆய்வுகளிலிருந்து நமக்குக் கிடைத்த பெரிய பாடம் இந்த இரண்டாவது விடயம்தான்.

இங்கே பேசுவது ஈரல் கலங்களிலேயே தொடங்கும் புற்றுநோயை. ஈரலில் பிறக்கும் புற்றுநோய்களில் 75 முதல் 85 வீதம் இதுவே. குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ ஈரலுக்கு வந்து சேரும் புற்றுநோய் வேறு. அதன் சிகிச்சையும் வேறு. உலக மதிப்பீட்டின்படி 2022இல் மட்டும் ஏறத்தாழ 866,000 பேருக்கு ஈரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 758,000 பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு முக்கிய காரணம், பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படும்போதே அது முற்றியிருப்பதுதான்.

விகாரம் வேறு, வெளிப்பாடு வேறு

சிவப்பு இரத்தக் கலங்கள் போன்ற சிலவற்றை விட்டால், உடம்பின் எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகள்தான், அதாவது ஒரே ஜீன்கள்தான் இருக்கின்றன. புரதங்களை உருவாக்குகிறவை மட்டும் ஏறத்தாழ 20,000. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் எல்லார் பெயரும் இருக்கும். அன்றைக்கு எந்த மலையில் என்ன வேலை நடக்கும் என்பதைக் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பிரட்டில் யார் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். ஜீன் வெளிப்பாடு என்பது அந்தக் கூப்பிடுதல். கூப்பிடப்பட்ட ஜீனிலிருந்து எம்ஆர்என்ஏ என்ற தூது மூலக்கூறு படியெடுக்கப்படுகிறது. அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. ஒரு இழையத்தில் எந்த எம்ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால், அந்த நேரத்தில் அங்கே எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்தது என்று தெரியும்.

ஜீனின் எழுத்தே மாறிவிடுவது விகாரம். 2017இல் வெளியான புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டத்தின் ஈரல் ஆய்வு 363 கட்டிகளைப் படித்தது. டேர்ட் ஜீனின் தொடக்கப் பகுதியில் 44 வீதத்திலும், டிபி53 ஜீனில் 31 வீதத்திலும், பீட்டா-கட்டெனின் ஜீனில் 27 வீதத்திலும் விகாரங்கள் இருந்தன. இவற்றில் டேர்ட் விசேடமானது. நிறமூர்த்தத்தின் நுனியைத் தேயாமல் காக்கும் நொதியத்துக்கான ஜீன் அது. வளர்ந்தவரின் ஈரல் கலத்தில் இந்த ஜீன் ஓய்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு பிரிவின்போதும் நிறமூர்த்தத்தின் நுனி தேய்ந்து, ஒரு கட்டத்தில் கலம் பிரிவதை நிறுத்திவிடும். தொடக்கப் பகுதியில் ஒரேயொரு எழுத்து மாறினால் ஜீன் மறுபடி விழித்து, கலம் முடிவில்லாமல் பிரியத் தொடங்குகிறது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் டிஎன்ஏ துண்டு இந்த ஜீனுக்குப் பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டாலும் இதே விளைவுதான். எழுத்து மாறியது இத்தனூண்டு. கேடு முழுவதும் வெளிப்பாட்டின் வழியாக வருகிறது.

வெளிப்பாடு மாறுவதை வைத்தியசாலை இரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். அல்ஃபா-ஃபீட்டோ புரதம், சுருக்கமாக ஏஎஃப்பி, வயிற்றுக் குழந்தையின் ஈரலில் தாராளமாகச் சுரக்கும். பிறந்த பிறகு அந்த ஜீன் படிப்படியாக அடங்கி, பக்கத்திலேயே இருக்கும் அல்புமின் ஜீன் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. புற்றுக் கலம் பழைய சிசுப்பருவ நிலைக்குத் திரும்பும்போது ஏஎஃப்பி மறுபடி ஏறுகிறது. கிளிப்பிக்கன்-3 என்ற புரதமும் அப்படித்தான் திரும்பி வரும். இழையத் துண்டைச் சாயமேற்றிப் பார்க்கும் நோயியல் வைத்தியர், ஐயமான முடிச்சுகளில் கிளிப்பிக்கன்-3, வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70, குளுட்டமின் சிந்தேஸ் ஆகிய மூன்றையும் பார்ப்பார். அவற்றில் குறைந்தது இரண்டு தெரிந்தால் புற்றுநோய் என்று உறுதிசெய்வார். ஜீன் வெளிப்பாடு என்றால் ஏதோ வெளிநாட்டு ஆய்வுகூடத்துச் சமாச்சாரம் என்று நினைக்கத் தேவையில்லை.

கலம் இடம்பெயரும் வழி

ஆரோக்கியமான ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாயினாளம் வழியாகக் குடலிலிருந்து வருகிறது. கட்டி வளர வளர ஈரல் நாடியிலிருந்து தனக்குப் புது இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. கட்டியின் நடுப்பகுதிக்கு ஒட்சிசன் போதாமல் போகும்போது ஹிஃப்-1 அல்ஃபா என்ற புரதம் நிலைத்து நின்று, குழாய்களை வளரத் தூண்டும் விஈஜிஎஃப் முதலான ஜீன்களைக் கிளப்பிவிடுவதே இதற்குக் காரணம். பெவசிசுமாப் மருந்து தடுப்பது இந்த விஈஜிஎஃப்பைத்தான். அப்படி அவசரமாகக் கட்டப்பட்ட குழாய்களின் சுவர் ஒழுங்கற்றது; கலங்கள் அதற்குள் எளிதாக நுழையும். அங்கிருந்து வாயினாளக் கிளைகளுக்குள் போய், முதலில் ஈரலின் வேறு பகுதிகளில் குடியேறும். பிறகுதான் ஈரலுக்கு வெளியே. அதில் முதலிடம் சுவாசப்பைக்கு. அடுத்து வயிற்று நிணநீர்க் கணுக்கள், எலும்பு, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி.

இதைச் செய்வதற்குக் கலம் தன் குணத்தையே மாற்ற வேண்டும். அயல் கலங்களோடு ஒட்டிப் பிடித்திருக்கும் ஈ-கெடரின் குறைகிறது. ஊர்ந்து நகரும் கலங்களுக்குரிய விமென்டின் கூடுகிறது. இந்த மாற்றத்தை நடத்துபவை ஸ்னெய்ல், டுவிஸ்ட், ஸெப்-1 ஆகிய கட்டுப்பாட்டு ஜீன்கள். அவற்றைத் தூண்டுவதில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் முன்னிற்கிறது. சுற்றியுள்ள தாங்கு இழையத்தை வெட்டி வழி திறக்கும் நொதியங்களும் உடன் ஏறுகின்றன. இறங்குகிறவையும் உண்டு. சாதாரண ஈரலில் உள்ள, ஜீன்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் சிறிய மைக்ரோஆர்என்ஏக்களில் ஏறத்தாழ 70 வீதம் மைக்ரோஆர்என்ஏ-122 என்ற ஒன்றே. ஈரல் கலத்தை ஈரல் கலமாகவே வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. பரவும் கட்டிகளில் அது மங்கிவிடுகிறது.

ஆனால் எல்லாக் கட்டிகளும் இந்த ஒரே வழியில் போவதில்லை. சில கட்டிகளில் புற்றுக் கலக் கூட்டங்களை இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களே முழுவதுமாகச் சுற்றிப் போர்த்தியிருக்கும். அந்தக் கூட்டம் அப்படியே, போர்வையோடு, இரத்தத்தில் கழன்று போகும். அதற்கு ஈ-கெடரினை இழக்கவும் தேவையில்லை, ஊரவும் தேவையில்லை. அங்கியோபொயட்டின்-2 என்ற ஜீன் உயர்ந்தாலே போதும். ஆகவே ஈ-கெடரின் நன்றாக இருக்கிறது, கட்டி பரவாது என்று ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாராவது ஆறுதல் சொன்னால் அது சரியான ஆறுதல் அல்ல.

2003இல் வந்த ஓர் ஆய்வு பலரது எண்ணத்தை மாற்றியது. அதுவரை, கட்டி பெரிதாகிப் பெரிதாகி ஒரு கட்டத்தில் பரவும் திறனைப் புதிதாகப் பெறுகிறது என்றே நினைத்தார்கள். பரவிய நோயாளிகளின் மூலக் கட்டியையும் பரவிய முடிச்சுகளையும் ஒப்பிட்டபோது, இரண்டின் வெளிப்பாட்டுக் கோலமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. பெரிய வேறுபாடு தெரிந்தது, பரவிய நோயாளியின் மூலக் கட்டிக்கும் பரவாத நோயாளியின் மூலக் கட்டிக்கும் நடுவில். பரவும் இயல்பு மூலக் கட்டியிலேயே அமைந்துவிடுகிறது என்று இதற்கு அர்த்தம். அந்த வேறுபாட்டில் முன்னணியில் நின்ற ஜீன் ஒஸ்டியோபொன்டின்.

சுற்றியுள்ள ஈரலின் சாட்சியம்

இதற்குப் பின் வந்த இரண்டு ஆய்வுகள்தான் இந்தக் கட்டுரையின் மையம். 2006இல், கட்டிக்கு வெளியே இருந்த, புற்று இல்லாத ஈரல் இழையத்தை எடுத்துப் பார்த்தார்கள். நாளங்களுக்குள் பரவிய நோயாளிகளின் அந்த இழையத்தில் நோயெதிர்ப்புச் சமிக்ஞைகள் திசை மாறியிருந்தன. கலங்களைத் தாக்கி அழிக்கத் தூண்டும் வகை குறைந்து, அழற்சியை அடக்கும் வகை கூடியிருந்தது. 17 ஜீன்களின் அளவை வைத்தே பரவலை முன்கூட்டிக் கணிக்க முடிந்தது. 2008இல் அடுத்தது. ஃபோர்மலினில் ஊறி மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய இழையத் துண்டுகளில் ஜீன் வெளிப்பாடு அளக்கப்பட்டது. கட்டியின் கோலம் நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதோடு பொருந்தவில்லை. கட்டியைச் சுற்றியிருந்த ஈரலின் 186 ஜீன் கோலம் பொருந்தியது.

இது ஏன் என்று புரிய, சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டியை வெட்டி எடுத்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் 70 வீதம் வரையானோருக்குத் திரும்பி வருகிறது. முதல் இரண்டு வருடங்களுக்குள் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே சிதறிப்போன பழைய கலங்களின் வேலை. அதற்குப் பின் வருவது பெரும்பாலும் புதிய கட்டி. தழும்பேறிய அதே ஈரலில் முளைத்தது.

அந்தத் தழும்பைப் போடுவது ஈரலின் நட்சத்திரக் கலங்கள். சாதாரணமாக விட்டமின் ஏ சேமித்துக்கொண்டு சும்மா இருப்பவை. மதுசாரமோ கொழுப்போ வைரஸோ ஈரல் கலங்களைத் தொடர்ந்து காயப்படுத்தும்போது டிஜிஎஃப்-பீட்டா எழும்புகிறது. நட்சத்திரக் கலம் தன் ஜீன் வெளிப்பாட்டையே மாற்றிக்கொண்டு கொலாஜின் நார்களைக் குவிக்கத் தொடங்குகிறது. புற்றுக் கலம் கழன்று ஓடுவதற்கும் அதே டிஜிஎஃப்-பீட்டாதான் உதவுகிறது என்பதை மேலே பார்த்தோம். எனவே தழும்பேறிய ஈரல் வெறும் பின்னணி அல்ல. பரவலில் அது ஒரு பங்காளி.

இதில் நம்பிக்கை தரும் விடயம் ஒன்று உண்டு. விகாரத்தைத் திருப்ப முடியாது, வெளிப்பாட்டைத் திருப்பலாம். காயப்படுத்தும் காரணத்தை நிறுத்தியபோது, நட்சத்திரக் கலங்களில் ஒரு பகுதி இறந்துபோவதையும் ஏறக்குறைய பாதி கொலாஜின் உற்பத்தியைக் கைவிட்டு அமைதிக்குத் திரும்புவதையும் 2012இல் எலிகளில் காட்டினார்கள். முழுவதும் பழையபடி ஆவதில்லை. மறுபடி தூண்டினால் முன்னைவிட வேகமாக எழும்பும். மதுவை விட்டவர் இடைக்கிடை குடித்தால் ஈரல் ஏன் அவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும்.

அளக்கும்போது எங்கே பிழைக்கிறது

இந்தத் துறையில் வரும் ஆய்வுகளை வாசிக்கிறவர்கள், குறிப்பாகப் பேராதனையிலோ வேறெங்கோ படிக்கும் நம் பிள்ளைகள், முடிவைப் பார்க்கும் முன் மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று பார்க்கப் பழக வேண்டும்.

ஆர்என்ஏ மிக எளிதில் சிதையும். வெட்டியெடுத்த துண்டை முப்பது நிமிடத்துக்குள் −196 பாகை திரவ நைதரசனில் உறையவைத்து −80 பாகையில் வைப்பதே உத்தமம். அதற்கு வசதியில்லாத இடத்தில் அம்மோனியம் சல்பேட் செறிந்த பாதுகாப்புக் கரைசல் உதவும். ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பில்லாமல் துண்டு போட்டு, துண்டின் அளவைப் போல் ஐந்து மடங்கு கரைசலில் அமிழ்த்த வேண்டும். 25 பாகையில் ஒரு வாரம் தாங்கும். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் கொண்டு போனாலும் கெடாது. தடித்த துண்டாகப் போட்டால் கரைசல் நடுவுக்கு ஊறுமுன் உள்ளே ஆர்என்ஏ சிதைந்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

சத்திரசிகிச்சையின்போதே இன்னொரு கோளாறு நேர்கிறது. இரத்தப்போக்கைக் குறைக்க ஈரலுக்கு வரும் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பார்கள். அந்த நிமிடங்களில் ஒட்சிசன் பற்றாக்குறைக்குரிய ஜீன்களும், அதிர்ச்சிக்கு உடனே எழும் ஃபொஸ், ஜுன் ஆகியவையும் உயரும். பிறகு அதைக் கட்டியின் இயல்பு என்று எழுதிவிடுவார்கள். இறுக்கிய நேரத்தைக் குறித்து வைக்காத மாதிரியில் ஹிஃப்-1 அல்ஃபா பற்றிப் பேசுவதில் பெரிய அர்த்தமில்லை.

ஃபோர்மலினில் வைத்த துண்டில் ஆர்என்ஏ பொடியாகிப் போயிருக்கும். அங்கே வழக்கமான தரச் சுட்டெண்ணைப் பார்த்துப் பயனில்லை; 200 எழுத்துக்கு மேல் நீளமான துண்டுகள் 30 வீதமாவது இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கணக்கிலும் பொறிகள் உண்டு. 20,000 ஜீன்களை ஒரே நேரத்தில் சோதித்து, தற்செயலுக்கான வாய்ப்பு 5 வீதம் என்ற வழக்கமான எல்லையை வைத்தால், ஒரு ஜீனும் உண்மையில் மாறாவிட்டாலும் ஆயிரம் ஜீன்கள் மாறியதாகக் காட்டும். பலமுறைச் சோதனைக்கான திருத்தம் செய்யாத பட்டியலைத் தூக்கிப் போடலாம். அடுத்தது, ஒரு கட்டித் துண்டில் புற்றுக் கலம் மட்டும் இருக்காது. நட்சத்திரக் கலம், குழாய்க் கலம், நோயெதிர்ப்புக் கலம் எல்லாம் கலந்திருக்கும். விமென்டின் கூடியிருக்கிறது என்றால், புற்றுக் கலம் உருமாறியதா, தழும்புக் கலம் அதிகமாகத் துண்டில் வந்துவிட்டதா? மொத்தமாக அரைத்து அளந்த மாதிரி இதற்குப் பதில் சொல்லாது. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகப் படிக்கும் முறையோ, இழையத் தட்டில் சாயமேற்றிப் பார்ப்பதோ தேவை. ஒப்பிடுவதற்கு எடுக்கும் "சாதாரண" இழையமும் பெரும்பாலும் சாதாரணமல்ல. கட்டிக்குப் பக்கத்தில் இருந்த தழும்பேறிய ஈரல் அது. மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளுக்குப் பின்னும் அதைச் சாதாரணம் என்று எழுதுவது கவலைக்குரியது.

நம் மலைக்கு இது எப்படிப் பொருந்துகிறது

மேலே சொன்ன ஆரம்ப ஆய்வுகளில் பெரும்பான்மை ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி தொற்றிய, சீன, ஜப்பானிய, மேற்கத்திய நோயாளிகளிடம் செய்யப்பட்டவை. இலங்கையில் அந்த வைரஸ்கள் குறைவு. இங்கே ஈரல் புற்றுநோய் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு வைரஸ் இல்லை. கொழுப்பு ஈரல், மதுசாரம், இரண்டும் சேர்ந்தது என்பவையே அடிப்படை. ஆகவே அந்த 17 ஜீன், 186 ஜீன் பட்டியல்களை அப்படியே எடுத்து நம் நோயாளிக்குப் பலன் சொல்ல முடியாது. பட்டியல் பொருந்தாவிட்டாலும், சுற்றியுள்ள ஈரலைக் கவனி என்ற கொள்கை பொருந்தும்.

மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கொழுப்பு ஈரலா என்று கேட்பவர்கள் உண்டு. நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களை ஸ்கேன் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 18 வீதத்தினருக்கு மதுசாரத்தால் அல்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. உடல் உழைப்பும் வறுமையும் இருந்தும் இந்த நிலை. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, சீனி தாராளமாகப் போட்ட பிளேன்டீ என்ற சாப்பாட்டு முறை ஒரு பக்கம். பரம்பரை இன்னொரு பக்கம். பிஎன்பிஎல்ஏ3 ஜீனின் புரதத்தில் 148ஆவது இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெதியோனின் இருந்தால் ஈரலில் கொழுப்பு தங்கும் என்பது 2008இல் தெரிந்தது. தழும்பும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடும் என்பது அதன் பின் தெரிந்தது. மெலிந்த உடம்பைப் பார்த்து ஈரல் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

சுற்றியுள்ள ஈரலின் நிலையை அறிய ஜீன் பரிசோதனை தேவையில்லை. எஸ்ஜிஓடி (ஏஎஸ்டி), எஸ்ஜிபிடி (ஏஎல்டி) என்ற இரண்டு ஈரல் நொதியங்கள், குருதிச் சிறுதட்டு ஆகிய மூன்று சாதாரண இரத்த அளவுகளும் வயதும் போதும். வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்குங்கள். பிறகு குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்த விடையால் முதல் விடையை வகுங்கள். 52 வயதுக்காரர், எஸ்ஜிஓடி 68, எஸ்ஜிபிடி 49, சிறுதட்டு 110,000 என்று வைத்துக்கொள்வோம். 52 × 68 = 3,536. 49இன் வர்க்கமூலம் 7; 110 × 7 = 770. வகுத்தால் 4.59. விடை 1.3க்குக் கீழே என்றால் கடும் தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவருக்கு 2.0 வரை அப்படிக் கொள்ளலாம். 2.67க்கு மேல் என்றால் கடும் தழும்பு இருக்கக்கூடும். ஈரல் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். ஆனால் டெங்கு, எலிக்காய்ச்சல் வந்த நேரத்து ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அப்போது சிறுதட்டு இறங்கி எஸ்ஜிஓடி ஏறுவதால் விடை பொய்யாகப் பெருக்கும். 35 வயதுக்குக் கீழும் இந்தக் கணக்கு நம்பகமானதல்ல.

தழும்பு முற்றிய நிலையான சிரோசிஸ் உறுதியானவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். கட்டியின் கனவளவு இரட்டிக்கப் பொதுவாக நாலு முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு சென்டிமீட்டர் முடிச்சு இரண்டு சென்டிமீட்டர் ஆக மூன்று முறை இரட்டிக்க வேண்டும். ஆறு மாத இடைவெளியில் சிறியதாகவே பிடித்துவிடலாம் என்பது கணக்கு. ஆரம்பக் கட்டிகளில் ஸ்கேன் மட்டும் 47 வீதத்தையும், ஏஎஃப்பியும் சேர்ந்தால் 63 வீதத்தையும் பிடிக்கும் என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடுமே என்று இரண்டு தவணை தவறினால் ஒன்றரை வருடம் போய்விடும். தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல மாதுவும் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பார்த்து நினைவூட்டினால், எந்த ஜீன் பட்டியலும் செய்யாத உதவி அது.

ஏஎஃப்பியைத் தனியாக நம்பக்கூடாது. கர்ப்பத்திலும் ஈரல் அழற்சி கிளம்பும்போதும் அது ஏறும். புற்றுநோய் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏறாமலே இருக்கும். அந்தக் கட்டிகளில் அந்த ஜீன் விழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2003இலிருந்து குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஈரல் வருத்தம் என்றால் இந்த வைரஸுக்கான பரிசோதனையை ஒருமுறையாவது கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். இருந்தால் மாத்திரையால் அடக்கலாம். சிரோசிஸ் வந்த பிறகு வைரஸ் அடங்கினாலும், மதுவை முழுதாக விட்டாலும், ஸ்கேனை நிறுத்தக்கூடாது. செருகிக்கொண்ட வைரஸ் துண்டும் விகாரங்களும் அங்கேயே இருக்கின்றன.

ஸ்கேனில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த முடிச்சு தெரிந்தால் மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஏஎஃப்பி மில்லிலீட்டருக்கு 20 நானோகிராமை எட்டினால், மருந்து ஏற்றிப் பல கட்டங்களில் படமெடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். மருந்து நாடிகளில் ஓடும் நாடிக் கட்டத்தில் முடிச்சு பளிச்சென்று தெரிந்து, பிந்திய கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கினால், சிரோசிஸ் உள்ளவரில் ஊசி குத்தித் துண்டு எடுக்காமலே புற்றுநோய் என்று சொல்லிவிடலாம். ஒரே கட்டத்தில் மட்டும் எடுத்த சி.டி. இதற்குப் போதாது, படம் எடுக்கும் இடத்தில் வைத்தியர் எழுதிய துண்டைக் கொடுக்கும்போதே "மூன்று கட்டம்" என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். முடிச்சு புதியதா, பழையதா, எவ்வளவு வளர்ந்தது என்பதை வைத்தியர் அவற்றிலிருந்துதான் கணிப்பார்.